விஞ்சு போல்ட்

காலை ஐந்து மணி, முப்பத்தேழு போட், டெலஸ். அப்படித்தான் சார் தொடங்க வேண்டும். போலீஸ்காரர் கேட்டபோதும் அப்படித்தான் தொடங்கினேன். 2017 ஜூன் 15, வியாழக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தொரு நாள் முடிந்து, தூத்துக்குடியிலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் நாள். எத்தனையோ போட் போனது. அதில் முப்பத்தேழு போட்டின் விஞ்சில் நான் கடைந்து கொடுத்த போல்ட் இருந்தது. முன்னால் போனது டெலஸ் ஓட்டிய 'அமலி'.

உங்கள் மடியில் இருக்கிற விடைத்தாள் கட்டைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். தப்பாக நினைக்காதீர்கள். மேல்தாளில் யாரோ இரண்டு தகடு வரைந்து, நடுவில் ஒரு போல்ட் வரைந்து, இந்தப் பக்கம் ஒரு அம்பு, அந்தப் பக்கம் ஒரு அம்பு போட்டிருக்கிறார்கள். பாலிடெக்னிக் வாத்தியார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. எத்தனை மார்க் போட்டீர்கள்? இன்னும் போடவில்லையா? போடுங்கள். படம் சரிதான்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. ஆனால் அந்தப் படம் எனக்குத் தெரியும். நீளவாக்கில் இழுத்தால் ஒரு பலம், குறுக்கே வெட்டினால் ஒரு பலம். இழுத்தால் ஐந்து டன் தாங்குகிற கம்பி, வெட்டினால் மூன்று டன்னிலேயே போய்விடும். சரிதானே? நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்வீர்கள். எனக்குக் கை சொல்லும்.

பேர் தனசிங். துறைமுகத்துப் பக்கம் லேத்துப் பட்டறை. அந்த வருஷத்தோடு முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. இப்போது இந்த பஸ்ஸில் ஆறுமுகநேரிக்குப் போகிறேன், உப்பளத்து பம்பு ஷாஃப்டுக்கு அளவெடுக்க. அதற்குள் சொல்லிவிடலாம். பெரிய கதை ஒன்றும் இல்லை.

விஞ்சு பார்த்திருக்கிறீர்களா? போட்டில் மடியை, அதாவது இழுவலையை, இழுப்பது அதுதான். ஒரு டிரம், அதில் இரும்புக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கடலுக்குள் மடி. டிரம்மையும் அதைச் சுற்றுகிற ஷாஃப்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு போல்ட். சுண்டுவிரல் கனம். அதை இளசான இரும்பில்தான் போட வேண்டும். கடலுக்கு அடியில் பாறை கிடக்கும், பார் என்போம். மடி பாரில் மாட்டினால் இழுவை ஏறும். ஒரு அளவுக்கு மேல் ஏறினால் இரண்டு பக்கத்துத் தகடும் கத்தரி மாதிரி அந்த போல்ட்டை வெட்டிவிடும். டிரம் தனியாகக் கழன்று கயிறு தளர்ந்து ஓடும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. வெட்டுப்படுவதற்கென்றே போடுகிற போல்ட் சார் அது.

ஆனால் கயிறு ஓடினால் சில நேரம் மடியும் அதோடு போய்விடும். முந்தின வருஷம் டெலஸுக்கு இரண்டு மடி போனது. தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில் கிடக்கும், பட்டறையில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு நாள், பத்துப் பேர் முன்னால் டெலஸ் உடைந்த போல்ட்டின் பாதியை என் மேசையில் போட்டார்.

"அண்ணாச்சி, இது போல்ட்டா பிஸ்கோத்தா? டீயில முக்கித் திங்கவா?"

சிரித்தார்கள்.

"உடையத்தான்வே அதைப் போடுதோம்" என்றேன்.

"உடையுறதுக்கு எதுக்கு அண்ணாச்சி லேத்து? ஒரு பேக்கரி வச்சிருக்கலாம்லா."

இன்னும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம், யார் வந்தாலும் "ரஸ்க் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். முப்பத்தொரு வருஷப் பட்டறை சார். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

பழைய லாரி அச்சு ஒன்று வாங்கினேன். நல்ல ஜாதி இரும்பு. கடைந்தேன், அடுப்பில் வைத்துச் செக்கச் செவேல் என்று பழுக்கவிட்டு எண்ணெயில் முக்கினேன். அரம் வைத்தால் வழுக்கும், பிடிக்காது. டெலஸ் சம்மட்டியால் இரண்டு போடு போட்டுப் பார்த்தார். சம்மட்டி திரும்பி வந்தது. "இதுல்லா ஆம்பள போல்ட்டு" என்றார். அந்த ஒரு சொல்லில் முப்பத்தேழு போட்டுக்கு ஆர்டர் வந்தது. ராத்திரி பகல் பார்க்காமல் கடைந்தேன். ஒன்றுகூடச் சோடை இல்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமலியில் விஞ்சு பார்த்தவன் கித்தேரியான். நாற்பத்தாறு வயது. ஒல்லி. வருஷக்கணக்கில் இன்ஜின் சத்தத்தில் நின்று காது மந்தமாகிவிட்டது, பேசுகிறவர் வாயைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பான். ஆனால் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தால் மடியில் மீன் இருக்கிறதா, வெறும் சேறா என்று சொல்லிவிடுவான். எனக்குப் பழக்கம் என்றால் அப்படிப் பழக்கம். கடலுக்குப் போகாத நாளெல்லாம் நாலு மணிக்கு பட்டறைக்கு வந்து டீ குடிப்பான். எனக்கு வாங்குகிற டீயிலும் பாதி குடிப்பான்.

ஜூன் 14, புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கே வந்துவிட்டான். மறுநாள் கடல். பட்டறையில் கூட்டம் நெரிக்கிறது. என்னை ஓரமாக இழுத்தான்.

"தனசிங்கண்ணே, பழைய மாதிரி எளசு போல்ட்டு ஒண்ணு குடு. டெலஸுக்குத் தெரிய வேண்டாம்."

"எதுக்குல? என் போல்ட்டுல என்ன கொற?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்ல. பிரகாசி ஒரே பிடியா நிக்கா. எளசு மாத்தாம கடலுக்குப் போவக் கூடாதுங்கா."

பிரகாசி அவன் பெண்டாட்டி. அவள் அப்பாவும் விஞ்சு பார்த்தவர்தான். போல்ட்டுக்குப் பதில் யாரோ கடப்பாரைத் துண்டைச் செருகி வைத்திருந்த விஞ்சில் கயிறு அறுந்து, அவர் ஒரு காதும் பாதிக் கன்னமும் இல்லாமல் இருபது வருஷம் இருந்துவிட்டுப் போனார். அவளுக்குப் பயம் இருக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"பொண்டாட்டி சொன்னான்னு போல்ட்ட மாத்துதியா? நாளைக்கு அவளையே விஞ்சுக்கு அனுப்பு" என்றேன்.

"அனுப்பலாம். அவ என்னைவிட நல்லா பாப்பா" என்று சிரித்தான். "குடு அண்ணே. மடி போனா வேற மடி."

இளசுக் கம்பி பட்டறையில் இல்லை. தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும் என்றால் டவுனுக்குள் போக வேண்டும். பழைய போல்ட் நாலு குப்பை டின்னில் கிடந்தது, பிசிறு தட்டி. அதில் ஒன்றைத் தேய்த்துக் கொடுத்திருக்கலாம்தான். பத்து நிமிஷ வேலை. ஆனால் பத்துப் பேர் நிற்கிறார்கள். அதோடு, நானே என் போல்ட்டைக் கழற்றிவிட்டு பிஸ்கோத்து கொடுத்தேன் என்று வெளியே தெரிந்தால்? அமலிதான் முதலில் வாங்கிய போட்.

மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். லாரி அச்சில் கடைந்ததுதான். "இது எளசு" என்றேன்.

அவன் அதை வாங்கி வைஸின் மேல் ஒரு தட்டுத் தட்டினான். விரலை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தான். காது கேட்காவிட்டாலும் விரலில் கேட்கிற ஆள்.

"அதிர்வு நீளமா போகுதே அண்ணே?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும்."

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையாட்டினான். டவுசர் பையில் போட்டுக்கொண்டான். டீ வந்தது. குடித்தான். போய்விட்டான்.

கண்டக்டர் எதற்கு இப்படி முறைக்கிறார்? டிக்கெட் எடுத்துவிட்டேனே. சரி விடுங்கள்.

மறுநாள் பதினொரு மணிக்குள் அமலி மடி பாரில் மாட்டியது. போல்ட் பிடித்துக்கொண்டது. போல்ட் வெட்டுப்படவில்லை என்றால் இழுவை எங்கே போகும் சார்? உங்களுக்குத் தெரியும். எல்லாம் கயிற்றுக்குப் போகும். பின்பக்கக் கப்பியை ஒட்டிக் கயிறு அறுந்தது. அவ்வளவு முறுக்காக இழுத்து நிற்கிற இரும்புக் கயிறு அறுந்தால், அந்த முனை இழுத்தவனிடம்தான் வரும். நெஞ்சில். அதற்கு மேல் சொல்ல வேண்டாம். இரண்டு மணிக்குப் போட் கரைக்கு வந்தபோது தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தார்கள்.

டெலஸ் கரையில் உட்கார்ந்து ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "கத்துனேன் அண்ணாச்சி. ரெண்டு தடவ கத்துனேன், 'விலகுல, விலகு'ன்னு. சைகையும் காட்டுனேன். பாத்தான். பாத்துட்டு, 'பொறும், உடையும், இப்ப உடையும்'னான். நின்னுட்டே இருந்தான். எது உடையும்? எதச் சொன்னான்?"

சுற்றி நின்றவர்களுக்கும் தெரியவில்லை. ஒருவன், பாறை உடையும் என்று நினைத்திருப்பான் என்றான். இன்னொருவன், பயத்தில் உளறியிருப்பான் என்றான்.

எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் என்ன சொல்ல?

போலீஸ் வந்தது, மீன்வளத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். "எது உடைந்தது?" என்று கேட்டார். கயிறு என்றேன். "போல்ட்?" அதைக் கழற்றி அவர் கண் முன்னால் மைக்ரோமீட்டர் வைத்துக் காட்டினேன். பன்னிரண்டு மில்லி. ஒரு நூல் தேயவில்லை, ஒரு நூல் வளையவில்லை. அவர்கூட, "நல்ல வேலை" என்றார். அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்: கயிறு பழையது, அறுந்தது. அதில் பொய் எங்கே இருக்கிறது?

மூன்றாம் நாள் டெலஸ் பட்டறைக்கு வந்தார். கையில் இன்னொரு போல்ட்.

"அண்ணாச்சி, இது டூல் பெட்டியில கெடந்துச்சு. விஞ்சுல இருந்ததும் இதேதான், இதுவும் அதேதான். உங்க போல்ட்டு ரெண்டு. எங்களுக்கு நீங்க ஒண்ணுதான தந்திய?"

ஒன்றுதான் தந்தேன். இரண்டாவது கித்தேரியான் வாங்கிப் போனது. போட்டில் இருந்ததைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, நான் கொடுத்ததை மாட்டியிருக்கிறான். மாட்டிவிட்டு, இது உடையும் என்று நம்பி நின்றிருக்கிறான்.

"ஸ்பேருக்கு ஒண்ணு கொடுத்தேன்" என்றேன்.

"அப்ப சரி" என்றார் டெலஸ்.

இரண்டு வார்த்தை. அவருக்கு அதோடு முடிந்தது.

ஆனால் அது அங்கே முடியவில்லை. அந்தப் பேச்சு பிரகாசி காதுக்குப் போனது. எளசு மாத்தவே இல்லை, உன் புருஷன் விஞ்சில் டெலஸ் போட்ட போல்ட்டே இருந்தது, பெட்டியிலும் அதே ஜாதி ஸ்பேர்தான் கிடந்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஏழாம் நாள் பூசைக்கு நான் போயிருந்தேன். பூசை முடிந்ததும் வீட்டுக்குள் கூப்பிட்டாள். அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"அண்ணாச்சி, புதன்கிழம அவுக உங்க பட்டறைக்கு வந்தாகளா?"

"வந்தான்மா."

"எளசு போல்ட்டு கேட்டாகளா?"

"டீ குடிச்சான். போயிட்டான்."

டீ குடித்தான் சார். போனான். நடந்ததைத்தான் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு சொன்னாள்: "காலம்பற கெளம்பும்போது கேட்டேன், மாத்திட்டியளான்னு. மாத்திட்டேன்னாக. சத்தியமான்னு கேட்டேன். எந் தலையில கைய வச்சு, சத்தியமா மாத்திட்டேன்னு சொல்லிட்டுப் போனாக. எந் தலையில கைய வச்சு அண்ணாச்சி. இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு பொய் சொன்னதில்ல. கடைசியா ஒண்ணு சொன்னாக, அதையும் எந் தலையில வச்சு சொல்லிட்டுப் போயிருக்காக."

உங்களுக்குத் தெரியும்தானே, தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் என்ன அர்த்தம் என்று. அந்தத் தலை எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தம். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். என்னை எங்கே நினைத்தார் அவர், மடியைத்தான் நினைத்தார், டெலஸைத்தான் நினைத்தார் என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வரி. 'மாத்தினான்மா, நான்தான் மாத்திக் கொடுத்தேன்' என்று. வாய் வரை வந்தது. வாசலில் டெலஸ் நின்றார், அவள் அண்ணன் நின்றான், பத்துப் பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் பட்டறைக்காரன் எப்படிச் சொல்வான்?

அதே வாரத்தில் போல்ட்டெல்லாம் திரும்பி வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவராக வந்து, பட்டறை வாசலில் இருந்த வாளியில் போட்டுவிட்டுப் போனார்கள். "எளசு கடைஞ்சு வைங்க அண்ணாச்சி, சாயங்காலம் வாறேன்." அவ்வளவுதான். டண், டண் என்று வாளியில் விழும். ஒவ்வொன்றையும் எடுத்து அளந்து பார்த்தேன். ஒன்றுகூட வளையவில்லை சார். பாராட்ட ஆளில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் கித்தேரியானைவிட அந்த வாளியைத்தான் அதிகம் நினைத்தேன்.

நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாள். எங்கள் ஊரில் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆட்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். பிரகாசி வந்தாள். அவள் அப்பா கல்லறையில் கொளுத்தினாள், அம்மா கல்லறையில் கொளுத்தினாள். புருஷன் கல்லறை நாலு வரிசை தள்ளி. ஐந்து மாதத்து மண். அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வேணும்னா போ" என்றாள் பிரகாசி. சனமெல்லாம் பார்த்தது.

எனக்குத் தாங்கவில்லை. நான் போய் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கி அவன் கல்லறையில் கொளுத்தினேன். அடுத்த வருஷமும் கொளுத்தினேன். கொரோனா வருஷம் ஒன்றைத் தவிர எல்லா வருஷமும். இத்தனைக்கும் நான் வேற சபை. சிநேகிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் பங்குச் சாமியாரே ஒரு தடவை சொன்னார்.

சிரிக்கிறீர்களா? இல்லையா? வெயில் முகத்தில் அடிக்கிறது, எனக்கு அப்படித் தெரிந்தது.

பிறகு மகளை மணப்பாட்டில் கட்டிக் கொடுத்து, பிரகாசியும் அங்கே போய்விட்டாள். மூன்று தடவை போயிருக்கிறேன், சொல்லிவிடுவது என்று. முதல் தடவை மருமகன் வீட்டில் இருந்தான். இரண்டாவது தடவை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், சர்க்கரை ஏறிக் காலில் புண். மூன்றாவது 2023 நவம்பர் 2. வியாழக்கிழமை. காலையில் கித்தேரியான் கல்லறைக்குப் போய்விட்டு நேராக இதே பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான் இருந்தார்கள். வெளி ஆள் இல்லை. சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள்.

"கல்லறைக்குப் போனியளா அண்ணாச்சி?"

"கொளுத்திட்டுத்தான்மா வாறேன்."

"நீங்களாவது செய்யுதிய."

மகள் ஆப்பம் கொண்டுவந்து வைத்தாள். தின்றேன். கை கழுவினேன். பிறகு ஆரம்பித்தேன்.

"பிரகாசி, அந்த போல்ட்டு இருக்குல்லா..."

அவள் என்னைப் பார்த்தாள். அவனைப் போலவே வாயைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவனோடு இருந்த பழக்கம் போல.

நான் சொன்னது இதுதான் சார்: "அது லாரி அச்சு இரும்பும்மா. அது உடையாது."

ஏன் அதைச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வேறு ஒன்றைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதுதான் வந்தது.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "தெரிஞ்சுதான மாத்தச் சொன்னேன்."

அப்புறம் மகளைக் கூப்பிட்டாள். நான் இருக்கும்போதே சொன்னாள்: "ஏட்டி, அண்ணாச்சியும் சாட்சியா இருக்காக, கேட்டுக்கோ. எனக்கு ஒண்ணு ஆனா இங்கனயே வச்சிருங்க. தூத்துக்குடிக்குக் கொண்டு போவாதிய. அவுக பக்கத்துல எனக்கு இடம் வேண்டாம்."

மகள், "சும்மா கெட மா" என்றாள். என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

ஆத்தூர் வந்துவிட்டது. அடுத்தது ஆறுமுகநேரிதான். பையை எடுத்துக்கொள்கிறேன்.

மகளிடம் இப்போதாவது சொல்லலாமே என்று பார்க்கிறீர்கள். சொல்லி? அவளுக்கு வெட்டு விசை, இழு விசை எல்லாம் என்ன தெரியும். உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் சொன்னேன். நீங்கள் படித்தவர், விடைத்தாள் திருத்துகிறவர். கயிறு அறுந்தது. போல்ட் உடையவில்லை. செய்த வேலையில் ஒரு குறை காட்டுங்கள் பார்ப்போம்.

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை காலை பிரகாசி இறந்தாள் சார். மணப்பாட்டிலேயே அடக்கம் செய்தார்கள்.